1990 எம்எக்ஸ்-5: முன்னால் மட்டும் நாலு பிஸ்டனா, நாலு சக்கரத்துக்கும் 1.8 பிரேக்கா?

குரோய்டன்காரன்

வணக்கம். கார் 1990 மாடல் மஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 இன்ஜின். ஏபிஎஸ் கிடையாது. கம்பெனி போட்டுக் கொடுத்த 14 அங்குல வீல்தான் இன்னும் இருக்கிறது. முன் டிஸ்க்கை மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன், 16.2 மிமீ. புதிதில் 18. 16-க்குக் கீழே போனால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஆக, மாற்றுவது உறுதி. என்ன போடுவது என்பதுதான் கேள்வி.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஸ்னெட்டர்ட்டன் பந்தயத் தடத்துக்கு டிராக் டே (சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) போயிருந்தேன். பென்ட்லி ஸ்ட்ரெய்ட் முடிந்து பிரண்டில் வளைவுக்கு மிதிக்கிற இடத்தில், கொஞ்சம் சுற்றுகள் ஆனதுமே பெடல் பாதிக்கு மேல் உள்ளே இறங்கிவிட்டது. இரண்டு தடவை அடித்து மிதித்தால் மேலே வரும். ஆறவைத்தால் சரியாகிவிடும்.

மனதில் இருப்பவை: பழைய அளவிலேயே புது டிஸ்க். அல்லது பிந்தைய 1.8 இன்ஜின் காரின் பெரிய டிஸ்க்கும், காலிப்பரை (பிரேக் பேடை டிஸ்க்கில் அமுக்கும் கவ்வி) தாங்கும் பிராக்கெட்டும். அல்லது 2001 முதல் வந்த, இன்னும் பெரிய ஸ்போர்ட் பிரேக். இல்லையென்றால் முன்னால் மட்டும் நாலு பிஸ்டன் அலுமினிய காலிப்பர் கிட். கடைசியில் சொன்னதில்தான் கண் நிற்கிறது. போட்டவர்கள் சொல்லுங்கள்.

துருவாசர்

பிரேக் ஆயில் எப்போ மாத்தினீங்க?

குரோய்டன்காரன்

கார் வாங்கியதிலிருந்து மாற்றவில்லை. பழைய உரிமையாளர் கொடுத்த ஃபைலில் அது பற்றி ஒரு வரி கூட இல்லை. டப்பாவில் டிக்காஷன் நிறத்தில் இருக்கிறது.

துருவாசர்

அப்போ கிட் பக்கத்தை மூடுங்க. முதல்ல ஆயில்.

பாகைக்கணக்கன்

துருவாசர் ஒரு வரியில் சொன்னதை நான் நாலு பத்தியில் சொல்கிறேன், பழக்கதோஷம்.

பிரேக் "போய்விட்டது" என்று எல்லோரும் பொதுவாகச் சொல்வதில் இரண்டு தனித்தனி நோய்கள் இருக்கின்றன. பெடல் கல் மாதிரி நிற்கிறது, எவ்வளவு மிதித்தாலும் கார் நிற்க மாட்டேன் என்கிறது என்றால் பேடு சூடு தாங்கவில்லை. பெடல் உள்ளே இறங்குகிறது, அடித்து மிதித்தால் மேலே வருகிறது என்றால் காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி வந்திருக்கிறது. ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. நீங்கள் சொன்னது இரண்டாவது நோய்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற தர வகை என்றால் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் ஏறியபின் அதே விதி 155 டிகிரியோடு திருப்திப்பட்டுக்கொள்கிறது. டாட் 5.1-க்கு இந்த எண்கள் 260, 180. உங்கள் டிக்காஷன் 155-ஐயாவது தாங்குமா என்பது சந்தேகம். ஒன்று மட்டும் கவனம்: டாட் 5 என்று தனியாக ஒன்று இருக்கிறது, அது சிலிக்கோன். 5.1-க்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கலந்துவிடாதீர்கள்.

இப்போது சூடு எவ்வளவு என்று பார்க்கலாம். காரும் நீங்களும் பெட்ரோலும் சேர்ந்து 1,100 கிலோ என்று வையுங்கள். மணிக்கு 160 கிமீ வேகத்தில் இயக்க ஆற்றல் சுமார் 1.1 மெகாஜூல். 80-க்கு இறக்கும்போது வேகம் பாதியாகிறது, ஆற்றல் காலாகிறது. மீதி முக்கால் பங்கு, அதாவது 0.8 மெகாஜூல், பிரேக்குக்குள் போகிறது. அதில் 70 சதவீதம் முன் சக்கரங்களுக்கு. ஒரு முன் டிஸ்க் 4 கிலோ என்று வைத்து, வார்ப்பிரும்பு ஒரு கிலோவை ஒரு டிகிரி ஏற்ற 460 ஜூல் என்று போட்டால், ஒரே மிதியில் டிஸ்க் 155 டிகிரி ஏறுகிறது. அது ஆறி முடிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். டிஸ்க் 5 கிலோவாக இருந்தால் அதே மிதிக்கு 125 டிகிரிதான். பெரிய டிஸ்க்கின் பலன் முக்கியமாக இதுதான், சூட்டை வாங்கிக்கொள்ள இரும்பு அதிகம்.

நிறுத்தும் தூரம் குறையுமா என்று கேட்டால், ஒரே ஒரு அவசர மிதியில் குறையாது. உங்கள் கார் இப்போதே நாலு சக்கரத்தையும் பூட்டும், அதாவது சுழல விடாமல் நிறுத்திவிடும். பூட்டுகிற அளவுக்கு பிரேக் வந்தபின் நிறுத்துவது டயர். காசு மிச்சமிருந்தால் நல்ல டயர் போடுங்கள், தூரம் அங்கேதான் குறையும்.

நாலுபிஸ்டன்_நாயகன்

கணக்கு எல்லாம் சரி. ஆனால் போட்டு ஓட்டியவன் சொல்கிறேன். நாலு பிஸ்டன் காலிப்பரில் காலுக்குக் கிடைக்கிற உணர்வு வேறு. பேடு சீராகத் தேய்கிறது, இரண்டு பின்னைக் கழற்றினால் பேடு கையில் வந்துவிடுகிறது, கம்பெனி இரும்புக் காலிப்பரைவிட எடை குறைவு. எம்எக்ஸ்-5 மாதிரி சின்னக் காரில் சக்கரத்தோடு சேர்ந்து ஆடுகிற எடை குறைந்தால் நன்றாகவே தெரியும். எல்லாவற்றையும் எக்செல் ஷீட்டில் தீர்மானிக்க முடியாது.

ஸ்பானர்ராணி

நாயகன், உங்கள் கிட்டில் பிஸ்டன் அளவு என்ன?

நாலுபிஸ்டன்_நாயகன்

1.75 அங்குலம், நாலும்.

ஸ்பானர்ராணி

நன்றி. அந்த ஒரு எண்ணில்தான் எல்லாமே இருக்கிறது. காலிப்பரின் நிறத்தைப் பார்க்கும் முன் அதைப் பார்க்க வேண்டும்.

கம்பெனி முன் காலிப்பர் நகரும் வகை, ஒரே பிஸ்டன், சுமார் 51 மிமீ. அதன் பரப்பு 20 சதுர செமீ. இரண்டு பக்கமும் பிஸ்டன் உள்ள நிலையான காலிப்பரோடு ஒப்பிடும்போது ஒரு பக்கத்துப் பிஸ்டன்களை மட்டும்தான் கூட்ட வேண்டும், நாலையும் கூட்டி "இரண்டு மடங்கு பலம்" என்று விற்பது வியாபாரம். 1.75 அங்குலம் என்றால் 44.5 மிமீ. ஒரு பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் 31 சதுர செமீ. அதாவது அதே பெடல் அழுத்தத்துக்கு முன் பிரேக் ஒன்றரை மடங்கு பிடிக்கும். பின் பிரேக் பழையபடிதான்.

விளைவு என்ன? முன் சக்கரம் சீக்கிரமே பூட்டும். பூட்டாமல் இருக்க நீங்கள் காலை இலேசாக வைப்பீர்கள். அந்த இலேசான அழுத்தத்தில் பின் பிரேக் தன் முழு வேலையைச் செய்யாது. பின் டயர் இரண்டின் பிடி முழுதும் பயன்படாமலே நிறுத்துகிறீர்கள், அதனால் நிறுத்தும் தூரம் கூடத்தான் செய்யும். இன்னொரு பக்கம், பிஸ்டன் பரப்பு கூடினால் அதைத் தள்ள ஆயிலும் ஒன்றரை மடங்கு வேண்டும், பெடலிலிருந்து ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் அதேதான், அப்போது பெடல் ஓட்டமும் கூடும். காலில் "வேறு உணர்வு" என்று நாயகன் சொல்வதில் எவ்வளவு காலிப்பரால், எவ்வளவு புதுப் பேடாலும் புது ஹோஸாலும் வந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

நாலு பிஸ்டனே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதே வகையில் 35 மிமீ பிஸ்டன் போட்டும் வருகிறது. ஒரு பக்கத்துக்கு 19 சதுர செமீ, கம்பெனி அளவுக்குப் பக்கத்தில். அது அறிவோடு செய்த கிட். பேடு மாற்றும் வசதி, எடை எல்லாம் உண்மையான லாபம்தான். ஆனால் பந்தயத்துக்கென்று செய்யும் காலிப்பர்கள் பலவற்றில் பிஸ்டனைச் சுற்றி ரப்பர் தூசுக் கவசம் இருக்காது. இங்கிலாந்தில் பனிக்காலத்தில் சாலையெல்லாம் உப்பு. தினமும் ஓட்டும் காருக்கு அது வேண்டாம்.

நாலுபிஸ்டன்_நாயகன்

என் கார் குளிர்காலத்தில் கராஜை விட்டு வெளியே வராது. முன்னால் சீக்கிரம் பூட்டுவது உண்மை, மறுக்கவில்லை. பின்னால் கொஞ்சம் கடிக்கிற பேடு போட்டுச் சமாளிக்கிறேன்.

ஸ்பானர்ராணி

பின் பேடை மாற்றுவது நல்ல வழிதான். ஆனால் சூடான பிறகும் ஈரத்திலும் அந்தப் பேடு எப்படிப் பிடிக்கிறது என்று பாருங்கள். பின் சக்கரம் முந்திப் பூட்டினால் கார் சுற்றிவிடும். முன் சக்கரம் முந்திப் பூட்டுவது சகித்துக்கொள்ளக்கூடியது, இது அப்படியல்ல. இதே காரணத்துக்காகத்தான் ஸ்போர்ட் பிரேக்கின் 276 மிமீ பின் டிஸ்க்கை மட்டும் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி, முன்னால் 1.6 அளவை விட்டுவைக்கக் கூடாது.

ஹரோ_கராஜ்

தம்பி, நான் லண்டனிலை கராஜ் வைச்சிருக்கிறன். இந்த வேலை கையால செய்தது, அதனாலை நேரா விசயத்துக்கு வாறன்.

உங்கட 1.6-க்கு முன்னுக்கு 235 மிமீ, பின்னுக்கு 231 மிமீ டிஸ்க். 1.8-க்கு முன்னுக்கு 255, பின்னுக்கு 251. இரண்டு பக்கமும் 20 மிமீ கூடுது எண்டபடியால் முன் பின் சமநிலை பெரிசா மாறாது. அந்த அம்மா சொன்ன பிரச்சினை இங்கை வராது. உங்கட காலிப்பரையே வைச்சிருக்கலாம், பிராக்கெட், டிஸ்க், பேடு மட்டும் 1.8-இன்ரை வேணும். 1.6 பேடு அதுக்குப் பொருந்தாது, வீட்டிலை புதுப் பேடு கிடக்குது எண்டு மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம். 14 அங்குல வீல் அப்படியே ஏறும், 1.8 காரே அந்த வீலோடைதான் வந்தது. ஸ்போர்ட் பிரேக் எண்டால் 15 அங்குலம் வேணும், அப்ப வீலும் ரயரும் வேறை செலவு.

காலிப்பரைக் கழற்றி எடுத்தால் ஹோஸிலை தொங்க விடாதேங்கோ. கம்பியாலை சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கிலை கட்டி வையுங்கோ. ஹோஸைக் கழற்றாமல் செய்யிறபடியால் ஆயில் பாதையைத் திறக்கத் தேவையில்லை, பழைய காரிலை அது பெரிய நிம்மதி. பைப் நட்டு துருவேறி இறுகினால் நட்டோடை பைப்பும் சேர்ந்து முறுகும். கழற்றித்தான் ஆகவேணும் எண்டால் ஃபிளேர் நட்டு ஸ்பானர் பாவியுங்கோ, சாதாரண ஸ்பானர் மூலையைத் தின்னும். டிஸ்க்குக்குப் பின்னாலை இருக்கிற தகரக் கவசம் உரசும், கொஞ்சம் வளைக்கவோ வெட்டவோ வேண்டி வரலாம்.

பின்னுக்குத்தான் ஆக்கள் மாட்டுப்படுறது. முன் பிஸ்டன் மாதிரி ஜி-கிளாம்ப் போட்டு அமுக்கினால் பின் பிஸ்டன் உள்ளுக்குப் போகாது, ஹேண்ட் பிரேக்கின்ரை திருகு உள்ளுக்கை இருக்கு. காலிப்பரின்ரை முதுகுப் பக்கம் ஒரு போல்ட் மூடி மாதிரி இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 4 மிமீ ஆலன் கீ போகிற துளை. இடப்பக்கம் திருப்பினால் பிஸ்டன் உள்ளுக்குப் போகும். பேடு போட்டாப்பிறகு வலப்பக்கம் திருப்பி, டிஸ்க் கையாலை சுத்தேலாத அளவுக்கு இறுக்கி, பிறகு மூண்டிலை ஒரு சுத்து பின்னுக்கு விடுங்கோ. மூடியைப் போடுங்கோ. ஆலன் கீ நல்லதா இருக்கோணும். தேஞ்ச கீயைப் போட்டு அந்தத் துளையை வட்டமாக்கினால் காலிப்பரையே மாத்தோணும்.

குரோய்டன்காரன்

அண்ணை, மிக்க நன்றி. இது எந்த மேனுவலிலும் இவ்வளவு தெளிவாக இல்லை. இன்னொன்று: நெடுஞ்சாலையில் வேகத்திலிருந்து பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது என்று பக்கத்து கராஜில் சொன்னார்கள். புது டிஸ்க்கும் வளையாமல் இருக்க என்ன செய்ய?

பாகைக்கணக்கன்

டிஸ்க் வளைவது அபூர்வம். பெரும்பாலும் நடப்பது தடிப்பு வேறுபாடு, ஒரு இடத்தில் தடிமன் ஒரு இம்மி கூட, இன்னொரு இடத்தில் குறைவு. ஹப்பின் (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டும் நடுப்பகுதி) முகத்தில் துரு பொருக்கு இருந்து அதன் மேல் டிஸ்க்கை உட்கார்த்தினால் டிஸ்க் கோணலாகச் சுற்றும். பிரேக் பிடிக்காமல் ஓடும்போதும் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் பேடில் உரசும். ஆயிரக்கணக்கான மைல் ஓடியபின் அந்த இடம் தேய்ந்து மெலிகிறது, அப்புறம் நடுக்கம். அதனால்தான் புது டிஸ்க் போட்ட அன்றே நடுங்காமல், சில மாதம் கழித்து நடுங்க ஆரம்பித்து, "டிஸ்க் மட்டம்" என்று கடைக்காரருக்குத் திட்டு விழுகிறது.

இன்னொரு காரணம் பேடு படிவு. நன்றாகச் சூடேற்றிவிட்டு சிக்னலில் பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றால், பேடு இருந்த இடத்தில் அதன் பொருள் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும்.

வழி: ஹப் முகத்தைக் கம்பி பிரஷ் போட்டு, வெறும் இரும்பு தெரியும் வரை தேயுங்கள், ஸ்டட் ஒவ்வொன்றின் அடியிலும். டிஸ்க்கை வீல் நட்டும் வாஷரும் போட்டு இறுக்கி, டயல் கேஜ் (ஆட்டத்தை அளக்கும் முள் கருவி) வைத்துச் சுற்றிப் பாருங்கள். 0.1 மிமீ-க்கு மேல் ஆடினால் டிஸ்க்கை ஒரு துளை தள்ளி மாட்டிப் பாருங்கள், பல நேரம் அதிலேயே குறைந்துவிடும்.

ஊட்டிவளைவு

நடுவில் ஒரு கேள்வி. நம் ஊரில் கல்லட்டி மலைப்பாதை, மசினகுடிப் பக்கம் இறங்குவது, 36 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது பிரேக் தீய்கிற வாடை வரும். அங்கே இந்த 1.8 டிஸ்க் மாதிரி பெரிதாக்கினால் உதவுமா?

ஸ்பானர்ராணி

கொஞ்சம் உதவும். ஆனால் மலை இறக்கத்தில் பிரேக் ஆறவே நேரம் கிடைக்காது, எவ்வளவு பெரிய டிஸ்க்காக இருந்தாலும் கடைசியில் நிரம்பிவிடும். அங்கே மருந்து இரண்டாவது கியர்.

ஊட்டிவளைவு

டிரைவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். சரி.

மஞ்சள்ரோட்ஸ்டர்

துளை போட்ட டிஸ்க் வாங்கலாமா? பார்க்க அட்டகாசமாக இருக்கிறது.

துருவாசர்

பார்க்கத்தான். டிராக் போனா துளையிலிருந்து விரிசல் ஓடும். சாதா டிஸ்க் போடுங்க, ரொம்ப ஆசைன்னா பள்ளம் வெட்டினது.

மஞ்சள்ரோட்ஸ்டர்

காலிப்பர் பின்களுக்குத் தாமிர கிரீஸ் தடவலாம் அல்லவா? எல்லா வீடியோவிலும் அதைத்தான் காட்டுகிறார்கள்.

ஸ்பானர்ராணி

வேண்டாம். நகரும் பின்னைச் சுற்றி ரப்பர் உறை இருக்கிறது. பிரேக்கில் பயன்படும் ரப்பர் பெரும்பாலும் ஈபிடிஎம் வகை. அதற்குப் பெட்ரோலியக் கிரீஸ் ஆகாது, ஊதிப் போகும். ஊதினால் பின் ஒட்டிக்கொள்ளும், ஒரு பேடு மட்டும் தேயும். அதற்கென்றே விற்கும் சிலிக்கோன் கிரீஸ் போடுங்கள். பேடின் காதுகள் உட்காரும் இடத்துக்கு செராமிக் கிரீஸ், அதுவும் மெல்லியதாக. பேடின் முகத்திலும் டிஸ்க்கிலும் படவே கூடாது. புது டிஸ்க்கில் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி அனுப்புவார்கள், பிரேக் கிளீனர் அடித்துத் துடைக்காமல் மாட்டாதீர்கள்.

ஹரோ_கராஜ்

எம்ஓடி, அதுதான் இங்கை வருசா வருசம் காருக்குச் செய்யிற சோதனை, அது பற்றியும் ஒருக்கால் சொல்லிவிடுறன். 1.8 டிஸ்க் போட்டதுக்காக ஆரும் ஃபெயில் பண்ண மாட்டினம். ரோலரிலை வைச்சுப் பார்க்கேக்கை ஒரே அச்சிலை இடது வலதுக்கிடையிலை 30 வீதத்துக்கு மேலை வித்தியாசம் வந்தால்தான் பிரச்சினை. உங்கட வயசுக் காருக்குக் கால் பிரேக் 50 வீதம், ஹேண்ட் பிரேக் 16 வீதம் காட்டோணும். எம்எக்ஸ்-5 விழுறது அனேகமா அந்த 16-இலைதான். இன்சூரன்ஸ்காரருக்கு மட்டும் கட்டாயம் சொல்லுங்கோ, மாத்தம் மாத்தம்தான். பெரும்பாலும் காசு கூட்டமாட்டினம். சொல்லாமல் விட்டு அடிபட்டால் அப்ப கதை வேறை.

குரோய்டன்காரன்

வேலை முடிந்தது. நாலு சக்கரத்துக்கும் 1.8. பிராக்கெட்டுகள் காயலான் கடையில் கிடைத்தன, கம்பி பிரஷ் போட்டுப் பெயின்ட் அடித்தேன். சாதா டிஸ்க், கொஞ்சம் சூடு தாங்கும் சாலைப் பேடு, ஆயில் முழுக்கப் புது டாட் 5.1. ஏர் எடுக்கும்போது முதலில் வந்ததைப் பார்த்தால், இதை வைத்தா 160-இல் போனேன் என்று இருந்தது. பேடு படிய வைக்க, ஆள் இல்லாத சாலையில் 60 மைலிலிருந்து 10-க்கு இறக்கி, நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுத்து, திரும்பத் திரும்ப. அப்புறம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிட்டேன். டிஸ்க்கில் சீரான நீலச் சாம்பல் படலம் வந்திருக்கிறது. நடுக்கம் போய்விட்டது.

திரும்பவும் ஸ்னெட்டர்ட்டன். மதியம் வரை பெடல் இருந்த இடத்தில் இருந்தது. இப்போது டயர்தான் முதலில் கைவிடுகிறது.

ஒரே குறை, ஹேண்ட் பிரேக் லீவர் ரொம்ப மேலே வருகிறது. சரிவில் பிடிக்க இழுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. கேபிளை இறுக்கட்டுமா?

நாலுபிஸ்டன்_நாயகன்

வாழ்த்துகள். காலிப்பரில் சிவப்புப் பெயின்டாவது அடித்தீர்களா?

ஹரோ_கராஜ்

கேபிளைத் தொடாதேங்கோ தம்பி. கேபிளை முதல்லை இறுக்கினால் காலிப்பரிலை இருக்கிற லீவர் முழுக்கப் பின்னுக்குப் போகாது, பேடு எப்பவும் உரசிக்கொண்டே இருக்கும், சூடாகும். முதல்லை கேபிளைத் தளர்த்தி விட்டிட்டு, நான் சொன்ன 4 மிமீ ஆலன் கீயாலை இரண்டு பக்கமும் திரும்பச் செய்யுங்கோ, இரண்டும் ஒரே அளவிலை. புதுப் பேடு படிஞ்சாப்பிறகு எப்படியும் ஒருக்கால் செய்யத்தான் வேணும். அதுக்குப் பிறகுதான் லீவரடியிலை இருக்கிற நட்டாலை கேபிள். ஏழு கிளிக்குக்கு உள்ளே பிடிச்சால் போதும்.

குரோய்டன்காரன்

வலப்பக்கம்தான் தளர்ந்திருந்தது, கிட்டத்தட்ட முக்கால் சுற்று. இப்போது ஆறாவது கிளிக்கில் பிடிக்கிறது. சிவப்பு அடிக்கவில்லை நாயகன், கறுப்பு.

கழற்றிய 1.6 பிராக்கெட் நாலும் நல்ல நிலையில் இருக்கின்றன. யாருக்காவது வேண்டுமென்றால் தபால் செலவு மட்டும் கொடுங்கள்.

மஞ்சள்ரோட்ஸ்டர்

முன் இரண்டும் எனக்கு. தனிமடல் அனுப்பியிருக்கிறேன்.